கஃபீல் இல்லாத விசா: குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"அப்போ இதுக்குக் கஃபீல் யாரு?"

ஆஸ்திரேலிய விசா பற்றி மகளுக்கு வந்த மின்னஞ்சலை மூன்று தடவை வாசித்து, தமிழில் விளக்கமும் சொல்லி முடித்த பிறகு அந்த அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். 16 வருடம் பஹ்ரைனில் கடல்தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கஃபீல் என்றால் அங்கே விசாவுக்குப் பொறுப்பான முதலாளி.

"கஃபீல்னு யாரும் கிடையாதுண்ணே."

"அப்போ சோலி யாரு தருவா?"

"போய்த்தான் தேடிக்கிடணும்."

"தேடிக் கெடைக்கலன்னா?"

"கையில உள்ள பைசா தீருறதுக்குள்ள திரும்பி வரணும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் என் கடையின் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது விசாவே இல்ல. என்னமோ டூரு டிக்கெட்டாக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் கருங்கலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் விண்ணப்பம், பி.எஃப். பணம் எடுப்பது என்று எல்லாம் உண்டு. குளச்சலிலிருந்து நீரோடி வரை உள்ள கடற்கரைக்காரர்களும், வடக்கே குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்களும் வருவார்கள். ஏஜென்ட் வேலை செய்வதில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று டைப்பிங் கூலிதான். இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். விதிகளும் தொகைகளும் அந்தந்த நேரத்தில் இருந்தபடியே இருக்கின்றன.

பழைய சொல், புது விசா

எங்கள் மாவட்டத்தில் விசாவுக்கு என்று சில வினைச்சொற்கள் உண்டு. விசா 'எடுப்பார்கள்', 'வாங்குவார்கள்', யாராவது 'எடுத்துக் கொடுப்பார்கள்'. யாரும் விசாவுக்கு 'விண்ணப்பிப்பது' இல்லை. அரை நூற்றாண்டு வளைகுடாப் பழக்கம் இது. அங்கே விசா என்பது ஒரு முதலாளியின் பெயரில் வருவது. அவர்தான் கஃபீல். அவர் கையெழுத்து இல்லாமல் வேலையும் இல்லை, இருப்பும் இல்லை. இதில் ஒரு கள்ள வகைதான் 'ஃப்ரீ விசா'. கஃபீல் பெயருக்கு இருப்பார், காசை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். போனவர் வேறெங்காவது கிடைத்த வேலையைப் பார்ப்பார். பெயர்தான் ஃப்ரீ. விலை லட்சக்கணக்கில். பிடிபட்டால் சிறை, அபராதம், நாடுகடத்தல்.

'வொர்க்கிங் ஹாலிடே விசா' என்று யூடியூபில் கேள்விப்பட்டுவிட்டு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "அண்ணே, ஆஸ்திரேலியா ஃப்ரீ விசா போடுறாங்களாமே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. வேலை தருபவர் யாரென்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை, யாரிடமும் வேலை செய்யலாம் என்றால் நம் ஊர் அகராதியில் அதற்கு அந்தப் பெயர்தான். ஆனால் இந்த ஒரு சொல்லால் வந்த வினைதான் நான் சொல்லப்போகும் கதையில் பாதி.

ஆஸ்திரேலியாவில் இந்த ஏற்பாடு 1975இல் தொடங்கியது. வாலிப வயதினர் ஒரு வருடம் ஊர் சுற்றலாம், செலவுக்குக் கிடைத்த வேலையைச் செய்யலாம் என்பதுதான் அடிப்படை. இந்தியாவுக்கு இது வந்தது 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக. விசாவின் எண் 462. வருடத்துக்கு 1,000 இந்தியர்கள். வயது 18 முதல் 30 வரை. 31 ஆகிவிட்டால் முடிந்தது. பள்ளிக்கு மேல் இரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம் வேண்டும், கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் திரும்பி வருவதற்கான டிக்கெட் காசும் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. 12 மாதம் இருக்கலாம், அதில் 4 மாதம் வரை படிக்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. விவசாயம் போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு.

இங்கிலாந்து ஒன்று வைத்திருக்கிறது: இளம் தொழில்முறையாளர் திட்டம். 2023 பிப்ரவரி 28இல் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடம், ஆள் எடுப்பது குலுக்கலில், இரண்டு வருடத் தங்கல், பட்டப்படிப்பு கட்டாயம். கனடா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றின் வொர்க்கிங் ஹாலிடே பட்டியல்களில் இந்தியா இல்லவே இல்லை. 'கனடா வொர்க்கிங் ஹாலிடே, 4 லட்சம், 60 நாளில் விமானம்' என்று ஒரு பையன் நோட்டீஸ் கொண்டுவந்தான். எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் ஸ்டாரை விடப் பளபளப்பாக அச்சடித்திருந்தார்கள்.

அண்ணன்

கதை உண்மையில் அந்தப் பெண்ணுடையது அல்ல, அவளுடைய பெரியப்பா மகனுடையது. பி.இ. மெக்கானிக்கல். படிப்பு முடிந்து டூவீலர் ஷோரூம், கொச்சியில் ஒரு வருடம், பிறகு ஊரில் ஃபைபர் வள்ளத்து என்ஜின் பழுதுபார்ப்பு. 2024இல் வயது 29.

அந்த ஜூலையில் இங்கிலாந்துக் குலுக்கல் திறந்தபோது என் கடையில் வைத்துத்தான் பெயர் போட்டான். குலுக்கலில் சேரக் கட்டணம் கிடையாது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், பாஸ்போர்ட்டின் படம், போன், மின்னஞ்சல். பத்து நிமிட வேலை. இரண்டு நாள்தான் திறந்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் 'தேர்வாகவில்லை' என்று பதில் வந்தது. மேல்முறையீடு கிடையாது, அடுத்த குலுக்கலில் மறுபடியும் போடலாம்.

"இலவசமா போட்டா எப்பிடிக் கெடைக்கும்?" என்று அவன் வீட்டில் சொன்னார்களாம். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் காசு கொடுக்காமல் எதுவும் நடந்து பார்த்திராதவர்கள் வேறென்ன சொல்வார்கள்? உண்மையில் அதுவும் இலவசமில்லை. பெயர் வந்திருந்தால் அப்போதைய விசாக் கட்டணம் 298 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 776 வீதம் இரண்டு வருடத்துக்கு 1,552. ஆக 1,850 பவுண்டு, கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய். அதற்கு மேல் 2,530 பவுண்டு வங்கியில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும். சென்னையிலோ கொச்சியிலோ காசநோய்ப் பரிசோதனை. குலுக்கலுக்குப் பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

செப்டம்பரில் ஓர் ஏஜென்ட் அகப்பட்டார். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். "ஆஸ்திரேலியாவுக்கு 1,000 சீட்டு. அதுல கோட்டா நம்ம கையில உண்டு. மொத்தம் 3 லட்சம். இப்போ 50,000 வச்சுட்டு பாஸ்போர்ட்டையும் தந்துட்டுப் போ." அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. பாஸ்போர்ட் ஏஜென்டின் மேசை டிராயருக்குள் போனது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு உண்டா என்று தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. நம் ஏஜென்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்: "நான் வேலைக்கு ஆள் எடுக்கல, கன்சல்டன்சி நடத்துறேன்." முதலாளியே இல்லாத விசா என்பதால் இப்படி நழுவ இடம் கிடைத்துவிடுகிறது. வளைகுடாவுக்கு அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒப்பந்தத் தாளாவது காட்டியாக வேண்டும். இவர் காட்ட வேண்டிய தாள் என்று எதுவுமே கிடையாது.

அந்த வருடம்தான் ஆஸ்திரேலியா இந்தியர்களுக்கு முதன்முறையாகக் குலுக்கல் வைத்தது. அக்டோபர் 1 முதல் 31 வரை பதிவு. கட்டணம் 25 டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 ரூபாய். தொடங்கிய இரண்டு வாரத்திலேயே 40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பதிந்ததாக ஆஸ்திரேலிய அமைச்சர் ஒருவர் சொன்னார். கம்ப்யூட்டர் எழுந்தமானமாக எடுக்கும். முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர், மார்க் கூடியவர் என்ற பேச்சே இல்லை. கோட்டா கையில் இருக்க வழியே இல்லாத ஒன்றுக்குத்தான் அவர் கோட்டா விற்றுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசி வாரம் பையன் வந்தான். "அண்ணே, அவரு எனக்குப் போட்டாச்சுன்னு சொல்றாரு. ரசீது கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காரு."

எனக்குப் பயம் வந்தது வேறு காரணத்துக்காக. ஒருவருக்கு ஒரு பதிவுதான். ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் இவனைப் பதிந்திருந்தால் முடிவு போவதும் அந்த மின்னஞ்சலுக்குத்தான். இவன் பெயர் வந்தால்கூட அவர் சொன்னால்தான் இவனுக்குத் தெரியும். மீதி இரண்டரை லட்சத்துக்கும் அவர் அப்போது என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம். பணம் போனதைவிட, பிறர் மின்னஞ்சலில் நம் பெயர் கிடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து என்று அன்று முதல் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இந்த விசாவில் கஃபீல் என்று யாராவது இருந்தால், அது அந்த மின்னஞ்சல் முகவரியின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்தான்.

தேவாலயப் பங்குப் பேரவைப் பெரியவர்கள் இரண்டு பேர் அவனோடு ஏஜென்டிடம் போனார்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967 படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, அடகுப் பொருள் அல்ல என்று ஒரு தாளில் டைப் செய்து கொடுத்து அனுப்பினேன். தாள் வேலை செய்ததா, கூடப் போனவர்களின் மீசை வேலை செய்ததா தெரியாது. பாஸ்போர்ட் அன்றே வந்தது. 50,000இல் 30,000 பிறகு இரண்டு தவணையாக வந்தது. மீதி இன்னும் வரவில்லை. பதிவு? போடவே இல்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று.

அக்டோபர் 29

பதிவு போட உட்கார்ந்தபோதுதான் அடுத்த வில்லங்கம். இந்தியர்களுக்கு பாஸ்போர்ட்டோடு பான் கார்டும் கேட்டார்கள். பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்குள். நான்கு தாளிலும் ஒரே ஆள்தான், ஆனால் வெளிநாட்டுக்காரர் பார்வையில் நாலு பேர். தமிழனுக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதை எந்த நாட்டு விண்ணப்பப் படிவமும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டோம். தேர்வானால் பிற்பாடு நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு.

அடுத்தது பணம் கட்டுதல். அவன் டெபிட் கார்டு மூன்று தடவை மறுத்தது. 2020 மார்ச்சிலிருந்து புதிதாக வரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும்படிதான் வரும்; வெளிநாட்டுப் பரிமாற்றத்தை நாம்தான் வங்கி ஆப்பில் திறக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதி. இது தெரியாமல் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூட வந்த தங்கச்சிதான் அதைச் சரிசெய்தாள். நான் முதலில் சொன்ன அந்தப் பெண்தான்; சித்தப்பா மகள், வயது 24, பி.காம். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள், மாதம் 14,000. அண்ணனுக்குத் துணையாக வந்தவள். அண்ணனின் ரசீதை பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே. 1,400 ரூவாதானே. ஒரு சுடிதார் போச்சுன்னு வச்சுக்கிடுதேன்." அவளிடம் பாஸ்போர்ட் இருந்ததே ஒரு தற்செயல். முந்தின வருடம் குவைத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவதாகப் பேச்சு எழுந்து, எடுத்து வைத்திருந்தாள்.

அண்ணனுக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது.

28 நாள்

தேர்வான மின்னஞ்சல் வந்தால் அதில் குறித்த தேதியிலிருந்து 28 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போட வேண்டும். அதில் முதல் 6 நாள் அப்பாவின் கஃபீல் கேள்வியிலேயே போயிற்று. அவர் எதிர்த்தது மகள் தனியாகப் போவதை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இல்லை. குவைத்தில் மூத்தவள் வீட்டுவேலைக்குத் தனியாகத்தான் போனாள். அங்கே ஒரு வீடு இருந்தது, வீட்டுக்காரர் பெயர் இருந்தது, ஏதாவது நடந்தால் தூதரகத்தில் சொல்ல ஒரு விலாசம் இருந்தது. "இவளுக்கு யாரு பொறுப்பு?" என்பதுதான் அவர் கேட்டது. நியாயமான கேள்வி. பஹ்ரைனில் கஃபீல் தன் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்த கதையையும் அதே மூச்சில்தான் சொன்னார். பூட்டுகிறவனும் அவன்தான், பொறுப்பும் அவன்தான். பூட்டும் இல்லாமல் பொறுப்பாளும் இல்லாமல் ஓர் ஏற்பாடு இருக்க முடியும் என்பது அவர் அனுபவத்தில் இல்லை.

கடைசியில் அவரை அசைத்தது நானல்ல. பரணில் கிடந்த அவருடைய பழைய பஹ்ரைன் கணக்கு நோட்டைத்தான் மகள் எடுத்துவந்தாள். விசாவுக்குக் கொடுத்தது, அந்தக் கடனை அடைக்க எடுத்த மாதங்கள், வருடா வருடம் கஃபீலுக்குப் புதுப்பிக்கக் கொடுத்தது எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் தன் கணக்கை எழுதினாள்: விசாக் கட்டணம் 650 டாலர், அதாவது சுமார் 36,000. வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அவர் நெடுநேரம் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, பைசா எவ்வளவு காட்டணும்?" என்றார்.

காட்டணும். இந்தச் சொல்லும் ஒரு வில்லங்கம்தான். 5,000 டாலர் என்றால் அப்போது ஏறத்தாழ 2,80,000 ரூபாய். வங்கிக் கணக்கில் 'காட்டுவதற்கு' ஒரு வாரத்துக்கு வட்டிக்குப் பணம் தரும் ஆட்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. காட்டி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். இவர்களும் அதைத்தான் யோசித்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பணம் அங்கே போய்ச் செலவழிக்கத்தான். முதலாளி இல்லாத விசாவில் முதல் மாதச் சம்பளம் என்று ஒன்று உறுதியாகக் கிடையாது. இது எவ்வளவு உண்மை என்பது பின்னால் தெரிந்தது.

அவள் சேமிப்பு 70,000. அம்மா சீட்டு ஒன்றைத் தள்ளி எடுத்தார்கள், 1,50,000. மீதி ஒரு வளையல் ஜோடி. எல்லாவற்றையும் முதலில் அப்பா கணக்கில் போட்டுவிட்டார்கள், பிறகு அவள் கணக்குக்கு மாற்றினோம். மொத்தமாகத் திடீரென்று ஏறிய தொகைக்குக் காரணம் கேட்டால் காட்டச் சீட்டுக் கம்பெனிக் கடிதம், நகைக்கடன் ரசீது எல்லாம் இணைத்தோம்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சராசரி 4.5 போதும். கல்லூரிப் படிப்பு முழுக்க ஆங்கில வழியில் என்ற சான்றும் உதவும் என்று கல்லூரிக்கு எழுதினோம். எழுத்தர் லீவில் இருந்தார். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரில் தேர்வெழுதி 5.5 வாங்கி வந்த பிறகு, நிதானமாக அந்தக் கடிதம் தபாலில் வந்தது.

23ஆம் நாள் விண்ணப்பம் போட்டோம். கைரேகைக்கும் மார்பு எக்ஸ்ரேவுக்கும் கொச்சிக்குப் போக வேண்டியிருந்தது. குழித்துறையில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறி அப்பாவும் கூடப் போனார். ஆஸ்பத்திரி வரவேற்பில் "ஸ்பான்சர் யார்?" என்ற கட்டத்தை மகள் 'நானே' என்று நிரப்பியதை வந்து என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது கவலையா பெருமையா என்று பிடிபடவில்லை.

டல்லி

2025 மே மாதம் போனாள். கேர்ன்ஸ் நகரத்துக்குத் தெற்கே 140 கிலோமீட்டர் தூரத்தில் டல்லி என்ற சிற்றூர். வாழைத்தோட்டங்களின் ஊர். ஆஸ்திரேலியாவில் மழை கொட்டும் ஊர்களில் முதன்மையானவற்றில் ஒன்று. 1950இல் பெய்த 7,900 மில்லிமீட்டர் மழையின் நினைவாக 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொன்னிற ரப்பர் பூட்ஸ் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோவைத்தான் முதலில் அனுப்பினாள். "நம்ம பேச்சிப்பாறை ரப்பராண்ணே இது?" என்று ஒரு வரியோடு.

டல்லி தற்செயலாகத் தேர்ந்ததல்ல. 462 விசாவில் இரண்டாவது வருடம் வேண்டுமென்றால் முதல் வருடத்தில் 3 மாதம் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வேலை செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் 88 நாள் என்பார்கள். பயிர், கால்நடை, வடக்குப் பகுதியில் மீன்பிடி, சுற்றுலா விடுதிகள், கட்டடம் என்று பட்டியல் போகும். வட குயின்ஸ்லாந்து வாழை அதில் வரும். இரண்டாவது விசாவுக்குக் குலுக்கல் கிடையாது. கொச்சிக்குப் போன ரயிலில் அப்பாவும் மகளும் பேசி முடிவெடுத்தார்களாம். "வாழைன்னா நமக்குத் தெரிஞ்ச சாதனம்தானே" என்று.

தெரியவில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் கேவண்டிஷ் என்ற வகைதான். மட்டி இல்லை, செவ்வாழை இல்லை, நேந்திரன் இல்லை. 2015இல் அந்தப் பள்ளத்தாக்கில் பனாமா வாடல் நோயின் புதுவகை வந்துவிட்டதால் தோட்டத்துக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் மருந்துத் தண்ணீரில் பூட்ஸைக் கழுவ வேண்டும்.

ஆனால் அதற்கு முன் 5 வாரம். விடுதியில் வேலைப் பட்டியல் ஒன்று இருந்தது. பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் பட்டியல் நகராது. வாடகை வாரம் 210 டாலர் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த 5 வாரத்தில் 1,900 டாலர் கரைந்தது. ஒரு வாரத்துக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பணமாக இருந்திருந்தால் இரண்டாவது வாரமே ஊருக்குப் போன் வந்திருக்கும்.

நடுவில் ஓர் ஆள் வந்தார். வெள்ளைக்காரர் அல்ல, நம் நாட்டுக்காரர்தான். "கையில காசு, மணிக்கு 18 டாலர், ரசீது கிடையாது." 4 நாள் போனாள். எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி போட்டது ஐந்தாம் நாள் ராத்திரி. அன்றைக்கு அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.10 டாலர். நிரந்தரமில்லாத ஆளுக்கு அதில் 25 சதவீதம் கூடுதல், 30.13. விசாக்காரருக்கும் அதே சட்டம்தான், புகார் செய்ய ஃபேர் வொர்க் என்ற அரசு அமைப்பும் உண்டு. கூலி குறைந்தது போக, சம்பளச் சீட்டு இல்லாததால் அந்த 4 நாளை 88இல் சேர்க்கக் காட்ட எதுவும் இல்லை. புகார் செய்யவில்லை அவள். செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். அங்கே தனியாக நிற்பவள் நானில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் பாதியில் ஒரு தோட்டத்துப் பேக்கிங் ஷெட்டில் இடம் கிடைத்தது. வந்து விழும் தாரைச் சீப்பு சீப்பாக வெட்டி, கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்க வேண்டும். நின்றபடியே 8 மணி நேரம். முதல் வாரம் விரல் மடக்க முடியவில்லையாம். முதல் சம்பளச் சீட்டை அப்பா என் கடையில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். 38 மணி நேரம், 1,144.94 டாலர். வரி 15 சதவீதம் பிடித்து 973 கையில். வொர்க்கிங் ஹாலிடேக்காரர்களுக்கு 45,000 டாலர் வருமானம் வரை முதல் டாலரிலிருந்தே அந்த 15 சதவீதம் உண்டு. வாடகை போக மீதி நம் காசுக்கு 42,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அவள் ஜவுளிக்கடையில் மூன்று மாதம் கணக்குப் பார்த்தால் வரும் தொகை, ஒரு வாரத்துக்கு. சாப்பாட்டுச் செலவு இதற்குள்தான். எல்லா வாரமும் 38 மணி நேரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 22 மணி நேர வாரங்களும் இருந்தன.

ஜூலை 1ஆம் தேதி குறைந்தபட்சக் கூலி 24.95 ஆகி, அவள் கூலி 31.19 ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, யாரும் போராடவில்லை. அடுத்த சீட்டில் தானாக ஏறியிருந்தது. அப்பா அந்தச் சீட்டையும் பிரிண்ட் எடுத்தார். "கஃபீல்கிட்ட ஒரு தினாரு கூட்டிக் கேக்க நான் நாலு வருசம் நின்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சீட்டில் இன்னொரு வரி உண்டு: ஓய்வூதிய நிதி. முதலாளி சம்பளத்துக்கு மேல் போடுவது. ஜூலையிலிருந்து 12 சதவீதம். நாடு திரும்பிய பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். இதை முதலில் எனக்குச் சொன்னவளே அவள்தான். யூடியூப்காரர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மீதி

அண்ணன் 2025 பிப்ரவரியில் இங்கிலாந்துக் குலுக்கலில் மறுபடி போட்டான். வரவில்லை. அவன் இப்போது ஓமனில் ஏ.சி. டெக்னீசியன். பதிவு பெற்ற ஏஜென்ட், 35,400 ரூபாய்க்கு ரசீது, ஒப்பந்தத் தாளில் சம்பளம் எழுதியிருக்கிறது. போகும்போது என் கடையில்தான் தாளையெல்லாம் ஸ்கேன் செய்து தன் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டான். பாஸ்வேர்டு போடும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னான். சந்தோஷமாகத் திரும்பிக்கொண்டேன்.

தங்கச்சிக்கு 88 நாள் சம்பளச் சீட்டோடு முடிந்துவிட்டது. சீட்டுக் கம்பெனி பாக்கி தீர்ந்தது, வளையல் மீண்டது. இரண்டாவது விசாவுக்குப் போடலாம். போடுவதா திரும்புவதா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. முதுகுவலி இருக்கிறது, காய்கறிக் கடை ஒன்றில் கணக்கு வேலை கிடைக்குமா என்று பார்க்கிறாள்.

போன வாரம் அவள் அம்மா வந்தார். ஒரு வரன் வந்திருக்கிறதாம், மணவாளக்குறிச்சிப் பக்கம், பையன் பாலிடெக்னிக் படிப்பு.

"கல்யாணம் முடிச்சா அவ விசா போயிருமா தம்பி?"

"போகாதுக்கா. கல்யாணத்துக்குத் தடை இல்ல."

"அப்போ மாப்பிளைய அவ கூட்டிட்டுப் போலாம்?"

"அது முடியாதுக்கா. இந்த விசாவுல ஒருத்தர் பேருல இன்னொருத்தர் போக முடியாது. அவரவருக்குத் தனித்தனியா வேணும்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தார்.

"அப்போ மாப்பிளைக்கும் அந்தக் குலுக்கல்ல பேரு போடணும், இல்லியா? இப்பவே போட்டுருவோமா?"

"இப்ப திறக்கலக்கா. திறக்கும்போது மாப்பிளையே வரணும். அவரு மின்னஞ்சல்ல."